மூக்கடைப்பு எல்லாம் பீனிசம் அல்ல

வாடைக்காற்று தொடங்கினால் கிளினிக்கில் பலரும் ஒரே முறைப்பாட்டோடுதான் வருவார்கள். "டொக்டர், எனக்குப் பீனிசம். அன்டிபயோட்டிக் எழுதித் தாங்கோ." பீனிசம் என்று அவர்கள் சொல்வது, மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளான சைனஸில் வரும் தொற்றை. சிலர் பார்மசியில் தாங்களே வாங்கி, மூன்று நாள் குடித்துவிட்டு, குறையாததால் வந்திருப்பார்கள். நான் முதலில் கேட்பது இவைதான்: எத்தனை நாளாக? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? அரிக்கிறதா, வலிக்கிறதா?

சளியின் நிறத்தைக் கடைசியில்தான் கேட்பேன். சாதாரணத் தடிமனிலும் சில நாளில் சளி மஞ்சளாகும், பச்சையாகும். அந்த நிறம் நமது வெள்ளணுக்களால் வருவது. பக்டீரியா தொற்றிவிட்டது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

தடிமன் வைரசால் வருகிறது. பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் அடங்கிவிடும். 10 நாள் கடந்தும் குறையாவிட்டால், அல்லது சுகமாகிக்கொண்டு வந்தது காய்ச்சலோடும் கன்ன வலியோடும் மறுபடி கூடினால், அப்போதுதான் பக்டீரியாச் சைனஸ் தொற்றை நினைப்போம். தடிமன் பிடித்த பெரியவர்களில் நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான் அப்படி ஆகிறது. மற்றவர்களுக்கு அன்டிபயோட்டிக் எந்த உதவியும் செய்யாது.

நான் அதிகம் காண்பது அலர்ஜி. காலையில் எழும்பியதும் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீர்போல ஒழுகல், மூக்கிலும் கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு. காய்ச்சல் இருக்காது. இது வாரக்கணக்கில் நீளும். பிள்ளைகள் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்திருக்கும். சோளகக் காற்றில் எழும் செம்மண் புழுதியைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். புழுதி மூக்கை உறுத்தும், உண்மைதான். ஆனால் மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிதான் பலருக்குப் பெரிய காரணம். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை நல்ல சுடுதண்ணீரில் தோயுங்கள். படுக்கையறையில் நுளம்புத்திரி கொளுத்தாதீர்கள்.

அலர்ஜிக்குத் தரும் ஸ்டீரொயிட் ஸ்பிரேயை "இரண்டு நாள் அடிச்சன், ஒரு சுகமும் இல்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். மூக்கின் நடுச்சுவரை நோக்கி அடிக்காமல், அடிக்கும் பக்கத்துக் காதை நோக்கிச் சரித்து அடியுங்கள். உடனே மூக்கைத் திறக்கும் ஒக்சிமெற்றசோலின், சைலோமெற்றசோலின் சொட்டு மருந்துகள் வேறு வகை. அவற்றை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து மூக்கில் விட்டுக்கொண்டிருந்தால், மருந்தாலேயே மூக்கு அடைக்கத் தொடங்கும். மாதக்கணக்காக அந்தப் போத்தலைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பவர்கள் இங்கே நிறையப் பேர்.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. ஆனால் கிணற்றுத் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள். கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீர் மட்டுமே.

இன்னொன்று, "சைனஸ் தலையிடி". நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விரதமும் வெயிலும் சேர்ந்தால் இது கூடிவிடும். ஒரு பக்கம் விண்விண்ணென்று இடித்து, ஓங்காளித்து, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் இருட்டறையில் படுக்கத் தோன்றினால் அது பெரும்பாலும் மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலையிடி. மைக்ரேனிலும் மூக்கு ஒழுகும், கண் கலங்கும். அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

என்னை உடனே நிமிர்ந்து உட்கார வைப்பது, எல்லாம் ஒரே பக்கமாக இருப்பதுதான். சின்னப் பிள்ளைக்கு ஒரு மூக்கால் மட்டும் நாறும் சளி வந்தால், உள்ளே பயறோ மணியோ பஞ்சோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன். வீட்டில் கிண்டி எடுக்கப் பார்க்காதீர்கள், அது இன்னும் உள்ளே போகும். பொத்தான் பற்றரி என்றால் சில மணி நேரத்திலேயே நடுச்சுவரை அரித்துவிடும். இரவென்றாலும் காத்திருக்க வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு பக்கம் நாறும் சளி வந்தால் மேற்கடைவாய்ப் பல்லின் வேரைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கமே அடைத்து இரத்தமும் கசிந்தால், கட்டி ஏதும் இருக்கிறதா என்று காது மூக்குத் தொண்டை நிபுணர் உள்ளே கமரா விட்டுப் பார்த்தாக வேண்டும். சைனஸ் தொற்றோடு கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் அன்றே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.