புட்டு தப்பிவிடுகிறது, மாம்பழம் மாட்டிக்கொள்கிறது

மாம்பழக் காலம் வந்தால் கிளினிக்கில் ஒரே முறைப்பாடு: "கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை அடியோட விட்டிட்டன், எண்டாலும் நிறை இறங்கேல்லை." இரவில் என்ன சாப்பாடு என்று கேட்டால் மறுமொழியும் மாறுவதில்லை. "சோறு தொடுறேல்லை. புட்டு மட்டும்தான்."

அந்த 'மட்டும்தான்' போதும், எங்களுக்குத் தலையிடி வர.

சோற்றைவிடப் புட்டு இலேசானது என்று ஆர் தொடக்கிவைத்த கதையோ தெரியாது. கணக்கைப் பாருங்கள். ஒரு கோப்பையில் 300 கிராம் சோறு போட்டால் ஏறக்குறைய 390 கலோரி. சோற்றின் பாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், அதனால்தான் இவ்வளவு குறைவு. இனி அதே 300 கிராம் புட்டு. 150 கிராம் அரிசிமாவைச் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்து, சுண்டுப் பேணியால் கொத்தி, 50 கிராம் தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில் அவித்தால் கிட்டத்தட்ட அந்த நிறைதான் வரும். மாவில் 540 கலோரி, தேங்காய்ப்பூவில் 175. கூட்டினால் 700ஐத் தாண்டுகிறது. புட்டு அவிக்க எண்ணெய் தேவையில்லை என்பது உண்மைதான். தேங்காய்ப்பூவின் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்பதும் உண்மை. போதாததற்குப் பக்கத்தில் பொரித்த கத்தரிக்காய்க் குழம்பும் முட்டைப்பொரியலும் இருக்கும்.

"நாங்கள் குரக்கன் மாவில்தான் அவிக்கிறம்" என்பார்கள் அடுத்ததாக. நல்லது, செய்யுங்கள். நார்ச்சத்து கூட, பசி கொஞ்சம் பிந்தி வரும். ஆனால் கலோரியில் அரிசிமாவுக்கும் குரக்கன் மாவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மா மாறிவிட்டது என்று இன்னொரு நீத்துப்பெட்டி கவிழ்த்தால் நிறை ஏறத்தான் செய்யும். இடியப்பமும் அதே மாதான். ஒரு வசதி, அதை எண்ணலாம். புட்டை எவரும் எண்ணுவதில்லை.

இப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்கும் மாம்பழத்துக்கு வருவோம். நடுத்தரப் பழம் ஒன்றில் சதை 200 கிராம் தேறும் என்று வையுங்கள்: 120 கலோரி. கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். சின்னக் கதலி ஒன்றில் 50, 60 கலோரி. பப்பாசிப்பழம் 100 கிராமில் 40 சொச்சம், வத்தகப்பழத்தில் 30. பலாப்பழம் மட்டும் கொஞ்சம் கவனம்: 100 கிராமில் 95 கலோரி, நாலைந்து சுளையோடு எழும்பிய யாழ்ப்பாணத்தான் எவனும் இல்லை. புட்டைக் குறைக்காமல் அதன்மேல் மாம்பழத்தைப் பிசைந்தால் 120 கலோரி கூடும். புட்டில் ஒரு பிடியைக் குறைத்துவிட்டுப் பிசைந்தால் கூடாது. இவ்வளவுதான் விஷயம், பழத்தைத் தள்ளிவைத்து நாக்கைத் தண்டிக்கத் தேவையில்லை.

பழத்தைப் பழமாக மென்று சாப்பிட்டால்தான் இந்தக் கணக்கு. யூஸ் என்றால் கதை வேறு. ஒன்றரைப் பழம், நாலு தேக்கரண்டி சீனி, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிறீம்: 390 கலோரிக்குக் கிட்ட, அதாவது மேலே சொன்ன அந்தக் கோப்பைச் சோறு. இரண்டு நிமிசத்தில் குடித்து முடித்துவிட்டு, பசி ஆறாமல் பக்கத்தில் இருக்கும் றோல்ஸையும் 'மிதிவெடி' என்ற பொரித்த சிற்றுண்டியையும் பார்ப்பீர்கள். சீனி போடாமல் அடித்தாலும், மெல்லாமல் இறங்குவது வயிற்றை நிரப்பாது. பனங்கட்டியும் தேனும் சீனிக்கு உறவுதான். சீனி வருத்தக்காரர் தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடித்துக்கொண்டு "இது இயற்கை" என்று சொன்னால் குருதியில் குளுக்கோசு அதைக் கேட்பதில்லை.

கொழுப்பு எந்த வடிவில் வந்தாலும் கிராமுக்கு 9 கலோரி, மாச்சத்துக்கு 4. தேங்காயெண்ணெயில் கொலஸ்ட்ரோல் இல்லை என்று போத்தலில் போட்டிருப்பது சரிதான், எந்தத் தாவர எண்ணெயிலும் அதற்கு இடமில்லை. நல்லெண்ணெய் என்று பெயரில் 'நல்ல' இருப்பதால் கலோரி குறையாது. ஒரு மேசைக்கரண்டி எந்த எண்ணெயும் 120 கலோரி, அந்த ஒரு முழு மாம்பழம். வீட்டில் எண்ணெய்ப் போத்தலை உடைக்கும் நாளை அதன்மேல் பேனையால் எழுதுங்கள். நாலு பேர் வீட்டில் 750 மில்லிலீற்றர் போத்தல் பன்னிரண்டு நாளுக்குள் முடிந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிலீற்றருக்கு மேல் போகிறது. சொதிக்கும் சம்பலுக்கும் போகும் தேங்காய் இதற்கு வெளியே. பொரித்த சட்டியில் மிஞ்சியதைக் கழித்துத்தான் சொல்ல வேண்டும் என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த மிஞ்சியதை மறுநாள் தாளிக்க எடுப்பது ஆர்?

சோறு, மா எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி ஒரு கிழமையில் இரண்டு கிலோ குறைந்தது என்று மகிழ்பவர்களுக்கு: அதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்து, கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரைய நீரும் போகும். ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டோடு திரும்பி வந்துவிடும். ஆகவே தினமும் தராசில் ஏறி மனதைக் கெடுக்காதீர்கள். கிழமைக்கு ஒரு நாள், காலையில் கழிப்பறைக்குப் போய்வந்து, தேத்தண்ணிக்கு முன்.

புட்டை விடச் சொல்லவில்லை, அம்மாமாரே. ஆளுக்கு 60 கிராம் மா, 20 கிராம் தேங்காய்ப்பூ, மிச்சத்துக்குக் கைநிறைய முருங்கையிலையோ கீரையோ, துருவின கரட்டோ சேர்த்துக் கொத்தி அவியுங்கள். 300 கலோரி சொச்சத்தில் கோப்பை நிறையும். இலையைக் கழுவி ஈரத்தோடு போட்டால் மா கட்டிபட்டுப் புட்டு களியாகிவிடும். துணியில் ஒற்றி எடுத்து, கடைசியாகக் கலக்குங்கள். முடிவில் ஒரு மாம்பழம் வெட்டினாலும் பழைய புட்டின் கணக்கை எட்டாது.

இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைட் என்ற சீனி வருத்தக் குளிசை எடுப்பவர்களும் மாச்சத்தைத் தாங்களாகவே வெட்டிக் குறைக்க வேண்டாம். கந்தசஷ்டிக்குப் பாலும் பழமும் மட்டும் என்று இருக்கப்போகிறவர்கள் இரண்டு கிழமைக்கு முன்பே வந்து மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். நாலாம் நாள் சீனி இறங்கி மயங்கிய பிறகு தூக்கிக்கொண்டு வராதீர்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்குப் பழத்தில் உள்ள பொட்டாசியமே சிக்கல் ஆகலாம். அவர்கள் மேலே எழுதிய எதையும் தொடங்கமுன் கிளினிக் கொப்பியோடு வரவும்.