தண்ணீரை நூலாக்கும் சுண்ணாம்பு: ஷிராடாகி நூடுல்ஸ் எப்படி உருவாகிறது?

வெந்த கோதுமை நூடுல்ஸ் 100 கிராமில் சுமார் 140 கிலோகலோரி இருக்கும். சிறுதானிய நூடுல்ஸுக்கு மாறினால் பாதியாகும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கேழ்வரகு, தினை, அரிசி, கோதுமை எல்லாமே பெரும்பகுதி மாவுச்சத்து. காய்ந்த நிலையில் எதை நிறுத்தாலும் 100 கிராமுக்கு 350 கிலோகலோரியை ஒட்டியே வரும். நார்ச்சத்து கூடலாம், கலோரி குறையாது. அதுவும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் முதலில் நிற்கும் பெயர் மைதா.

கலோரி நிஜமாகவே குறைய வேண்டுமென்றால் மாவுச்சத்தே இருக்கக் கூடாது. ஜப்பானின் ஷிராடாகி அப்படிப்பட்டது. பெயரின் பொருள் ‘வெள்ளருவி’. 100 கிராமுக்கு 10 கிலோகலோரிகூடத் தேறாது, ஏனென்றால் அதில் 97 சதவீதம் வெறும் தண்ணீர். அவ்வளவு தண்ணீர் கொதிக்கும் குழம்பில்கூடக் கரையாமல் நூலாக நிற்பது எப்படி என்பதுதான் சுவாரசியம்.

மூலப்பொருள் கொன்யாக் கிழங்கு, நம் சேனைக்கிழங்குக்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினம். ஜப்பானிய விளைச்சலில் 90 சதவீதத்துக்கு மேல் குன்மா மாகாணத்தில்தான். குளிர் தாங்காது என்பதால் இலையுதிர் காலத்தில் தோண்டி, உள்ளே வைத்துக் காத்து, வசந்தத்தில் மறுபடி நடுவார்கள். இப்படி இரண்டு மூன்று ஆண்டு வளர்த்த பிறகே கிழங்கு ஆலைக்குப் போகும். பச்சையாகக் கடித்தால் சேனை மாதிரியே நாக்கு அரிக்கும், காரணமும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான். ஆனால் உறவு அத்தோடு சரி. சேனை சேமித்து வைப்பது மாவுச்சத்தை, கொன்யாக் சேமிப்பது குளுக்கோமன்னன் என்ற நார்ச்சத்தை. எனவே சேனையை வைத்து ஷிராடாகி செய்யலாமா என்று கேட்டால், முடியாது.

குளுக்கோமன்னன், மன்னோஸ், குளுக்கோஸ் என்ற இரண்டு சர்க்கரைகளைக் கோத்த நீளமான சங்கிலி. அந்தக் கோர்ப்பை வெட்டும் நொதி நம் குடலில் கிடையாது, அதனால்தான் கலோரி சேர்வதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் கொஞ்சம் தின்னும், பழகாத வயிறு உப்புவது அதனால். சங்கிலியில் ஆங்காங்கே அசிட்டைல் என்ற சிறு தொங்கல்கள் உண்டு. அவை இருக்கும்வரை சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்காது, தண்ணீரில் ஊறி வெறும் பசையாக நிற்கும். சுண்ணாம்பு சேர்த்துச் சூடாக்கினால் தொங்கல்கள் கழன்றுவிடும். சங்கிலிகள் ஒட்டி வலையாகி, தண்ணீரை உள்ளேயே பூட்டிக்கொள்ளும். ஜெலட்டின் சூட்டில் உருகும். இந்த வலை சூட்டில் இன்னும் இறுகும்.

வீட்டில் செய்ய 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 30 கிராம் கொன்யாக் மாவு போதும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே மாவைத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டியின் வெளிப்புறம் மட்டும் ஊறி உறைபோல மூடிக்கொள்ளும், உள்ளே கடைசிவரை உலர்ந்த மாவுதான். ஒரு மணி நேரம் ஊறியதும், உணவுத் தரமுள்ள நீற்றிய சுண்ணாம்புத் தூள் (கால்சியம் ஹைட்ராக்சைடு) 2 கிராமை 50 மில்லி தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளற வேண்டும். ஊற்றியதும் பசை துண்டு துண்டாக உடையும். கெட்டுப்போனது என்று பலர் நிறுத்துவது இங்கேதான். நிறுத்தாமல் வேகமாகக் கிளறினால் மீண்டும் ஒன்றுசேரும். உடனே இடியாப்ப அச்சில் போட்டு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் பிழிந்து 20 முதல் 30 நிமிடம் வேகவிட வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் நூல் குழையும், கூடினால் கசக்கும்.

கடையில் வாங்கிய பாக்கெட்டைப் பிரித்ததும் மீன் வாடை வரும். கெட்டுப்போனதல்ல, காரத்தன்மையுள்ள நீரில் அமீன்கள் என்ற மீன் வாடைச் சேர்மங்கள் ஆவியாகும் வாடை அது. நன்றாகக் கழுவி, சில துளி வினிகர் விட்ட தண்ணீரில் 3 நிமிடம் கொதிக்கவைத்து வடித்தால் போய்விடும். அமிலத்தோடு சேர்ந்து அமீன் உப்பாக மாறும், உப்பு ஆவியாகாது.

அடுத்த படியை யாரும் தவிர்க்கக் கூடாது. எண்ணெய் விடாத வாணலியில் 5 முதல் 7 நிமிடம் வறுக்க வேண்டும். மேலிருக்கும் ஈரம் போனதும் நூல்கள் வாணலியில் உரசிக் ‘கீச் கீச்’ என்று சத்தமிடும், அதுதான் பதம். இதைச் செய்யாமல் மசாலா சேர்த்தால் தண்ணீர் கசிந்து எல்லாம் நீர்த்துப்போகும். கோதுமை நூடுல்ஸ் வேகும்போது வெளியேறும் மாவுதான் சாஸைப் பிடித்து வைக்கும், இதில் அது இல்லை. சாஸ் கெட்டியாக, உப்பு காரம் சற்றே தூக்கலாக இருக்கட்டும். வேர்க்கடலையோ எள்ளோ அரைத்துச் சேர்த்தால் நன்றாகப் பிடிக்கும், அப்போது கலோரியும் கூடும் என்பதை மறக்க வேண்டாம். புரதம் கிட்டத்தட்ட இல்லாததால் முட்டை, பனீர், கோழி ஏதாவது சேர்த்தால்தான் ஒரு வேளைச் சாப்பாடாகும்.

கொன்யாக் மாவை அப்படியே வாயில் போட்டு விழுங்குவது ஆபத்து. ஈரம் பட்டதும் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். நூடுல்ஸ் ஏற்கெனவே ஊறியது என்பதால் அந்த ஆபத்து இல்லை. ஆனாலும் பல்லுக்கு வழுக்கி முழுதாக இறங்கும், சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் சிறிதாக நறுக்கித்தான் தர வேண்டும்.

மிச்சமானதைத் தண்ணீரில் மூழ்கவைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. பனிக்கட்டி வலையைக் கிழித்துவிடும். உருகும்போது தண்ணீரெல்லாம் ஓடி, ரப்பர் போன்ற பஞ்சு மட்டும் மிஞ்சும். ஜப்பானில் ‘ஷிமி கொன்யாக்கு’ என்று, பனியில் உறையவைத்து உலர்த்தி, வேண்டுமென்றே அப்படிச் செய்து தின்பவர்களும் உண்டு.