எட்டு அறை லாட்ஜ் முதலிடம் பிடிப்பது எப்படி?

“எங்கள் தெருவில் இருக்கிற எட்டு அறை லாட்ஜ், வேலூரில் தங்கும் இடங்கள் பட்டியலில் பெரிய ஓட்டல்களை எல்லாம் தாண்டி முதலில் நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய இடமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சிஎம்சி மருத்துவமனை பக்கம் போனவர்களுக்கு இந்த மாதிரி லாட்ஜ்கள் பழக்கம்: வங்காள மொழியில் போர்டு, சமைத்துக்கொள்ள அடுப்பு, வாரக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கிற குடும்பங்கள்.

காசு விஷயம் அப்புறம். யாரும் காசு கொடுக்காமலேயே இது நடக்கும்.

ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று ஒவ்வொருவரும் போட, சராசரி எடுக்கிறோம். அது பள்ளிக் கணக்கு. ஆனால் போட்டவர்கள் குறைவாக இருந்தால் சராசரி கண்டபடி ஆடும். ஆட்டம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: 9 பேர் போட்ட சராசரி, 900 பேர் போட்டதைவிடப் பத்து மடங்கு ஆடும். எனவே வெறும் சராசரியை வைத்து அடுக்கினால் உச்சியில் சின்ன இடங்கள்தான் வந்து உட்காரும். அடியிலும் அவைதான் கிடக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. பிளஸ் டூ ரிசல்ட்டில் நூறு சதவீதத் தேர்ச்சியும் இதே கதை. பதினெட்டுப் பேர் எழுதிய பள்ளிக்கு அது எளிது. அறுநூறு பேர் எழுதும் பள்ளியில் ஒரு பையனுக்கு அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் போச்சு. அந்தப் பட்டியலைப் பார்த்துப் பரிசும் நிதியும் ஒதுக்குவது எனக்கு ஒப்புதலே இல்லை.

இதைச் சரிக்கட்ட ஒரு தந்திரம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு விடுதிக்கும், நிஜமாகத் தங்கியவர்களோடு இன்னும் 20 கற்பனை விருந்தாளிகளைச் சேர்த்துவிட வேண்டும். அவர்கள் எல்லாரும் ஊர்ச் சராசரியை, 4 என்று வைப்போம், போட்டுவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான். இதற்குப் பேயீசியச் சராசரி என்று பெயர். வேர் 18ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு கணிதவியலாளர் லாப்லாஸிடம் இருக்கிறது. சினிமா இணையதளமான ஐஎம்டிபி தன் சிறந்த 250 படங்களின் பட்டியலுக்கு இதே வகைச் சூத்திரத்தை வெளிப்படையாகவே போட்டிருந்தது.

நம் லாட்ஜுக்கு 12 பேர், எல்லாரும் ஐந்து. 60உடன் கற்பனையாட்களின் 80 சேர்ந்து 140; 32ஆல் வகுத்தால் 4.375. பெரிய ஓட்டலுக்கு 900 பேர், சராசரி 4.4. அங்கேயும் அதே 20 பேர் வருகிறார்கள், ஆனால் கூட்டத்தில் கரைந்துபோகிறார்கள்: 4.391. ஓட்டல்தான் மேலே. இப்போது லாட்ஜில் பதிமூன்றாவது ஆள் வந்து ஐந்து போடுகிறார். 145ஐ 33ஆல் வகுத்தால் 4.394! ஒரே ஒரு குடும்பம், வெந்நீர் நேரத்துக்கு வந்த சந்தோஷத்தில், ஓட்டலைக் கீழே தள்ளிவிட்டது.

இந்த 20 பேரை “ராசியான அறை” என்ற பேச்சுக்கும் அனுப்பிப் பார்க்கலாம். அந்த அறையில் தங்கிய ஐந்து பேருக்கும் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாம். சரி, அந்த ஆபரேஷன் பொதுவாகவே பத்தில் ஒன்பது பேருக்கு நல்லபடி முடிகிறது என்றால்? கற்பனையாட்களில் 18 பேருக்கு நன்றாக முடியும். மொத்தம் 25இல் 23, அதாவது 92 சதவீதம். ராசி இரண்டு சதவீதமாகச் சுருங்கிவிட்டது. அதற்காக அறைக்குக் கூடுதல் வாடகை கேட்பதுதான் கொடுமை.

வாசகரின் சந்தேகத்துக்கு வருவோம். தெரிந்தவர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னால் இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. அதைப் பிடிக்க வேறு கணக்கு வேண்டும். ஆனால் வாங்கிய இடமானாலும் உழைத்துப் பெற்ற இடமானாலும் நிலைப்பது கஷ்டம். பதினான்காவது ஆள் மின்விசிறி ஓடவில்லை என்று ஒரு நட்சத்திரம் போட்டால் லாட்ஜ் 4.29க்கு இறங்கிவிடும். அதே ஆள் ஓட்டலில் கோபப்பட்டிருந்தால் 4.391 என்பது 4.388 ஆகியிருக்கும்.