வெர்மீர் குத்திய ஊசித் துளை

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தில், அவளுடைய வலது கைக்குச் சற்று மேலே சுவரில் ஒரு பொடித் துளை உண்டு. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யோஹான்னஸ் வெர்மீர் கித்தானில் ஊசி குத்திய தடம் அது.

ஓர் அறையை வரையும்போது, நம்மைவிட்டு விலகிப் போகும் இணைகோடுகள் எல்லாம் (சன்னல் சட்டம், கூரை உத்தரம், தரைக்கற்களின் ஓரம்) ஒரே இடத்தில் போய்க் குவிய வேண்டும். பார்ப்பவரின் கண்மட்டத்தில் அமையும் அந்த இடத்தை மறைபுள்ளி என்பார்கள். ஒரு கோடு பிசகினாலும் சுவர் சாய்ந்துவிடும். வெர்மீர் அந்தப் புள்ளியில் ஊசியைக் குத்தி, நூலைக் கட்டி, நூலில் சாக்பீஸ் பொடி தடவினார். மறுமுனையை வேண்டிய பக்கம் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டால் நேர்கோடு விழும். தச்சர்கள் மரத்தில் நூல் அடிப்பதும் இப்படித்தான்.

சரி, மூலைவாட்டில் பதித்த கற்களுக்கு? அதே கண்மட்டக் கோட்டில் இடமும் வலமும் இன்னும் இரண்டு புள்ளிகள் வேண்டும். அவை படத்துக்கு நெருக்கமாக இருந்தால் முன்வரிசைக் கற்கள் கூர்கூராக நீண்டு கண்ணை உறுத்தும். வெர்மீர் போகப்போக அவற்றைத் தள்ளித் தள்ளி வைத்தார். அவருடைய பிற்கால அறைகளில் தெரியும் அமைதிக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

துளையைக் காட்டிக்கொடுத்தது எக்ஸ்ரே. ஈயவெள்ளை கலந்த பூச்சு கதிரைத் தடுப்பதால் எக்ஸ்ரே படத்தில் வெளுப்பாக விழும். பூச்சு பெயர்ந்த ஊசித்தடம் கரும்பொட்டாகத் தெரியும். 1990களில் ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் ஓவியப் பாதுகாவலராக இருந்த யோர்கன் வாடும் என்பவர், பத்துக்கும் மேற்பட்ட வெர்மீர் ஓவியங்களில் இதை அடையாளம் கண்டார். வியன்னாவில் உள்ள ‘ஓவியக் கலை’ என்ற ஓவியத்தில் அது சுவர் வரைபடத்தின் அடிக்கம்புக் குமிழுக்குக் கீழே இருக்கிறது.

வெர்மீர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1632-இல் பிறந்தவர். 1653-இல் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார். இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 35 ஓவியங்கள்தான். 1672-இல் நாட்டுக்குள் பிரெஞ்சுப் படை நுழைந்ததும் ஓவிய வியாபாரம் படுத்துவிட்டது. கடனோடு 1675-இல், 43 வயதில் இறந்தார். அப்புறம் வீட்டுப் பொருள்களைக் கணக்கெடுத்தவர்கள் ஓவியத் தாங்கி இரண்டு, வண்ணத்தட்டு மூன்று, கித்தான் பத்து என்று எழுதினார்கள். வெளிக்காட்சியைப் பிம்பமாக உள்ளே விழவைக்கும், லென்ஸ் பொருத்திய இருட்டுப்பெட்டி (கேமரா அப்ஸ்குரா) அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தப் பெட்டியில் விழுந்த பிம்பத்தை அப்படியே நகலெடுத்தார் என்று வாதிடுவோர் உண்டு. பெட்டிக்குள் அவர் எட்டிப் பார்த்திருக்கலாம். ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தில் ரொட்டியின்மேல் மின்னும் ஒளிப்பொட்டுகளைப் பார்த்தால் எனக்கே அப்படித் தோன்றுகிறது. ஆனால் நகலெடுப்பவருக்கு மறைபுள்ளியைத் தேடி ஊசி குத்தும் தேவையே வராது. அந்த அறைகளை அவர் நூல் பிடித்துத்தான் கட்டினார்.