மாங்கொட்டையை நாய்க்குப் போடாதீர்கள்

மாம்பழக் காலம் வந்தாலே எங்கள் கால்நடை மருத்துவமனையின் அறுவை மேசைக்குக் குடல் அடைத்த நாய்கள் வரத் தொடங்கிவிடும். இந்த வாரம் ஒரு லாப்ரடார். தண்ணீர் குடித்தாலும் கக்கியது. வயிற்றைத் திறந்தபோது சிறுகுடலில் முழு மாங்கொட்டை. நாரின் மஞ்சள் நிறம்கூட மாறவில்லை. கொட்டை அழுத்திய இடம் கறுத்து அழுகியிருந்ததால் குடலின் அந்தத் துண்டையே வெட்டியெடுத்துத் தைக்க வேண்டியதாயிற்று.

"எலும்பையே நொறுக்குகிற நாய்க்குக் கொட்டை எம்மாத்திரம் டாக்டர்?" இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். எலும்பு இரைப்பை அமிலத்தில் ஓரளவு கரையும். மாங்கொட்டை கரையாது. இன்று கரையாது, ஒரு வாரம் கிடந்தாலும் கரையாது. நாய் அதைச் சப்பிவிட்டுத் துப்பும் என்று நம்பாதீர்கள். பிடுங்கக் கை நீட்டினால் அவசரமாக விழுங்கிவிடும். சில நாள் இரைப்பையில் சும்மா கிடந்து, நீங்கள் மறந்த பிறகு குடலில் இறங்கி அடைக்கும். "போன வருடமும் தின்றது, ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களே, போன வருடம் அது வாந்தியில் வெளியே வந்திருக்கும்.

எக்ஸ்ரேயில் கொட்டை தெளிவாகத் தெரியாமலும் போகலாம். ஆகவே நாய் மாம்பழம் தின்றதை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள், திட்ட மாட்டோம்.

திராட்சையும் உலர்திராட்சையும் அறவே கூடாது. பாயசத்தில் கிடப்பதும் சேர்த்துத்தான். சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். இத்தனை வரை பரவாயில்லை என்ற கணக்கே கிடையாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021 முதல் பேசப்படுகிறது. நம் புளியிலும் அதே அமிலம் உண்டு. புளிச்சோற்றையும் புளியங்காயையும் தள்ளியே வையுங்கள். தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்க உப்புக் கரைசல் புகட்டாதீர்கள், அதுவே உயிரைக் குடிக்கும்.

பழம் கொடுக்க ஆசையா? தாராளமாகக் கொடுங்கள். விதை எடுத்த ஆப்பிள், தோலும் விதையும் நீக்கிய தர்பூசணி, வாழைப்பழம், பப்பாளி, மாம்பழச் சதையும்கூட. சிறு துண்டுகளாக, அன்றைய தீனியில் பத்தில் ஒரு பங்குக்குள். சர்க்கரை நோயுள்ள நாய்க்கு மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள். பாசத்தில் கொட்டையைப் போடுவது பெரும்பாலும் அவர்கள்தாம். குப்பைக் கூடைக்கு இன்றே ஒரு மூடி வாங்குங்கள்.