இரண்டு ஆட்டம், ஒரே கணக்கு

1965ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்தின் கால் இறுதியில் இங்கிலாந்தின் லிவர்பூலும் ஜெர்மனியின் கொலோன் அணியும் மோதின. இரு ஊர்களிலும் நடந்த ஆட்டங்கள் கோலின்றி முடிந்தன. ராட்டர்டாமில் வைத்த மூன்றாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 2-2 என்றே நின்றது. 300 நிமிடம் ஆடியும் முடிவு வராததால் நடுவர் ஒரு வட்டைச் சுண்டினார். அது சேற்றில் குத்திட்டு நின்றுவிட, மறுபடியும் சுண்டி லிவர்பூலை அரையிறுதிக்கு அனுப்பினார்கள். தோற்றால் வெளியேற வேண்டிய நாக் அவுட் சுற்றுகளின் விதிகளில் பெரும்பகுதி, சமநிலை வந்தால் என்ன செய்வது என்ற இந்த ஒரு கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்கள்தான்.

அந்தக் கோப்பையின் இன்றைய வடிவமான சாம்பியன்ஸ் லீக்கில் இறுதிப் போட்டியைத் தவிர மற்ற நாக் அவுட் சுற்றுகளில் ஒவ்வோர் இணையும் இரண்டு ஆட்டங்கள் ஆடி, கோல்களின் கூட்டுத்தொகையால் வெற்றியை முடிவு செய்கிறது. சொந்த மைதானத்தின் சாதகம் இரு அணிகளுக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்பது இதன் வெளிப்படையான காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னொரு பயனும் தெரியும். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.5 கோல் அடிக்கும் அணியும் 1 கோல் அடிக்கும் அணியும் மோதுவதாகக் கொள்வோம். எளிமைக்காக மைதானச் சாதகத்தை விட்டுவிடலாம். கோல்கள் அரிதாகவும் ஒன்றையொன்று சாராமலும் விழுகின்றன என்று கருதி, அத்தகைய நிகழ்வுகளின் எண்ணிக்கைக்கு வாய்ப்புக் கணக்கிடும் பாய்சான் பரவலைப் பயன்படுத்தினால், ஒரே ஆட்டத்தில் வலுவான அணி வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 49 சதவீதம், சமனாகும் வாய்ப்பு 26, வலுக்குறைந்த அணி வெல்லும் வாய்ப்பு 25. இரண்டு ஆட்டங்களைக் கூட்டினால் இவை முறையே 58 அல்லது 59, 17, 25 என்று மாறுகின்றன. வலுக்குறைந்த அணியின் நேரடி வாய்ப்பு அநேகமாக அப்படியே இருக்க, குறைந்தது சமநிலைதான் என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். கோல் அரிதான விளையாட்டில் தற்செயலை 180 நிமிடத்தால்கூட விரட்டிவிட முடிவதில்லை.

எஞ்சிய சமநிலையைத் தீர்ப்பதற்காக, கோப்பை வென்றோர் கோப்பை என்ற மற்றோர் ஐரோப்பியப் போட்டியில் 1965-66 பருவத்தில் அறிமுகமானது அவே கோல், அதாவது வெளியூர் கோல் விதி. கூட்டுத்தொகை சமனானால் எதிரணியின் மைதானத்தில் அதிகக் கோல் அடித்த அணியே முன்னேறும். வெளியூருக்குப் போகும் அணி தடுத்தாடியே காலம் கடத்தாமல் கோலுக்கு முயல வேண்டும் என்பது நோக்கம். ஆனால் ஊக்கத்தொகை வைத்தால் அதற்கு இரு பக்கமும் கூர் உண்டு. சொந்த மண்ணில் ஒரு கோல் வாங்குவது இருமடங்கு ஆபத்து என்று ஆகிவிட்டதால், முதல் ஆட்டத்தை நடத்தும் அணி 1-1ஐவிட 0-0 மேல் என்று எண்ணத் தொடங்கியது. இரண்டாம் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் விருந்தாளி அணிக்கு அவே கோல் அடிக்க 120 நிமிடம். மற்ற அணிக்கோ தனது வெளியூர் ஆட்டத்தில் 90 நிமிடம் மட்டுமே. 2003 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இந்த விதி கேலிக்கூத்தாகவே ஆனது. மிலனும் இன்டரும் ஒரே சான் சிரோ மைதானத்தைப் பகிர்பவை. இரு ஆட்டங்களும் அங்கேயே நடந்து 0-0, 1-1 என முடிய, இரண்டாவதில் மிலன் ‘விருந்தாளி’ என்பதால் அதன் கோல் ‘வெளியூர்’ கோலாகி, மிலன் இறுதிக்குப் போனது.

காலப்போக்கில் விதியின் அடிப்படையே தேய்ந்தது. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ வெளியிட்ட புள்ளிவிவரப்படி, 1970களின் நடுப்பகுதியில் சொந்த மைதான அணி 61 சதவீத ஆட்டங்களையும் வெளியூர் அணி 19 சதவீத ஆட்டங்களையும் வென்றன. 2021 வாக்கில் அது 47க்கு 30 ஆனது. பயணமும் மைதானத் தரமும் மேம்பட்டு, தொழில்நுட்பத் துணையோடு நடுவர் தீர்ப்புகளும் சீர்பட்ட பிறகு, வெளியூர் கோலுக்குத் தனி மதிப்புத் தர நியாயம் குறைந்துவிட்டது. 2021 ஜூன் 24 அன்று விதி நீக்கப்பட்டது. இப்போது கூட்டுத்தொகை சமனானால் 30 நிமிடக் கூடுதல் நேரம், அதற்குப் பிறகும் சமனென்றால் பெனால்டி ஷூட் அவுட்.

இனி சுற்றுகளைப் பெருக்கிப் பார்க்கலாம். மேலே சொன்ன வலுவான அணிக்கு, சமநிலைகளை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டால், இரு ஆட்டச் சுற்று ஒன்றைத் தாண்டும் வாய்ப்பு 67 சதவீதம். ஒரே ஆட்டமான இறுதியில் 62. 16 அணிகள் மிஞ்சும் கட்டத்திலிருந்து மூன்று சுற்றையும் இறுதியையும் கடக்கும் வாய்ப்பு 18 அல்லது 19 சதவீதம்தான். நான்கு முறையும் எதிராளியைவிடத் தெளிவாகச் சிறந்த அணிக்கே நிலைமை இது.

நாக் அவுட்டுக்கு முன்னால் நடக்கும், 2024-25இல் அறிமுகமான 36 அணி லீக் கட்டத்தில் முதல் எட்டு இடம் பிடித்தவை நேராகக் கடைசி 16க்குப் போகின்றன. 9 முதல் 24 வரையிலானவை ஒரு கூடுதல் சுற்று ஆடி அங்கே வந்து சேர வேண்டும். மேலே முடித்த அணிக்கு இரண்டாம் ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் ஆடும் உரிமையும் உண்டு. அவே கோல் போன பிறகு அந்த உரிமையின் மதிப்பு கூடியிருக்கிறது: கூடுதல் நேரமும் பெனால்டியும் வந்தால் அவை தன் ரசிகர்கள் முன்னால்தான் நடக்கும். அந்தப் பருவத்தில் லீக் கட்டத்தில் முதலிடம் பிடித்த லிவர்பூல், 15ஆம் இடத்தில் முடித்த பாரிஸ் சாந்த் ஜெர்மைனைப் பாரிஸில் 1-0 என வென்று, தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 0-1 எனத் தோற்று, அதே மைதானத்தில் பெனால்டியில் 1-4 எனத் தோற்று வெளியேறியது. பாரிஸ் அணி அந்த ஆண்டு மே 31 அன்று மியூனிக்கில் இன்டரை 5-0 என வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது.