முதிராமல் நின்றுபோன தசைச் செல்

குழந்தையின் கட்டியிலிருந்து எடுத்த திசுவில் சிறிய, உருண்டையான, கருவே பெரும்பகுதியை நிரப்பிய செல்கள் மட்டுமே தெரிந்தால், அவை எந்தத் திசுவிலிருந்து வந்தவை என்பதைத் தோற்றத்தை வைத்து நோயியல் மருத்துவரால் உறுதியாகச் சொல்ல இயலாது. அப்போது நாங்கள் தேடுவது மயோடி, மயோஜெனின் என்னும் இரு புரதங்களை. அவற்றைக் காட்டும் சாயமிட்டதும் செல்கருக்களில் அவை பழுப்பு நிறம் பெற்றுத் தெரிந்தால், அந்தச் செல்கள் தசையாக மாறும் பாதையில் இறங்கியவை என்று அறிகிறோம். ராப்டோமயோசார்கோமா என்னும் புற்றுநோயைக் கண்டறிய உதவும் தடயம் இது.

1987-இல் ஹெரால்ட் வெய்ன்ட்ராப் குழுவினர், மயோடி மரபணு ஒன்றை மட்டும் இணைப்புத்திசுச் செல்களுக்குள் செலுத்தி, அவற்றைத் தசை முன்னோடிச் செல்களாக மாற்றிக் காட்டினர். ஒரே மரபணு போதும் என்ற எண்ணத்தை இது தந்தாலும், அது உருவாக்கும் மயோடி புரதம் தனித்து இயங்குவதில்லை. ஈ-புரதம் என்னும் துணையோடு சேர்ந்த பிறகே அது டிஎன்ஏவில் ஈ-பெட்டி எனப்படும் ஆறெழுத்துத் தொடரை உறுதியாகப் பற்றுகிறது. செல் பெருகிக்கொண்டிருக்கும் வரை, ஐடி என்னும் புரதம் அந்தத் துணையைத் தன்னிடமே இருத்திக்கொள்கிறது. வளர்ச்சிக் காரணிகள் குறைந்து ஐடி விலகியதும், டிஎன்ஏவும் புரதங்களும் சேர்ந்த கட்டான குரோமாட்டினைத் தளர்த்தும் நொதிகளை மயோடி வரவழைக்கிறது. தசை மரபணுக்களை இயக்கும் மயோஜெனின், மெஃப்2 புரதங்கள் உருவாகின்றன. பி21 புரதம் செல்பிரிவை நிறுத்துகிறது. இந்த நிறுத்தம்தான் முக்கியம் என்பது என் கருத்து. அதன் பின்னரே மயோசின் முதலான சுருங்கும் புரதங்கள் பெருமளவில் உருவாகி, செல்கள் ஒன்றோடொன்று இணைந்து பல கருக்கள் கொண்ட இழைகளாகின்றன.

ராப்டோமயோசார்கோமாவில் மயோடி இருந்தும் அந்த நிறுத்தம் வருவதில்லை. செல்கள் தசையாக முதிராமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. இந்நோயின் ஒரு வகையில், பாக்ஸ்3 மரபணு ஃபாக்ஸோ1 மரபணுவோடு ஒட்டிக்கொண்டு, இயல்புக்கு மாறான கட்டுப்பாட்டுப் புரதம் ஒன்றை உண்டாக்குகிறது. (காயத்திலிருந்து மீளும் இயல்பான தசையிழைகளிலும் மயோஜெனின் தெரியும் என்பதால், சாயத்தை மட்டும் நம்பி முடிவெழுதுவது ஆபத்தானது.)

குழந்தைகளின் மென்திசுப் புற்றுநோய்களில் ராப்டோமயோசார்கோமாவே அதிகம் காணப்படுவது. வலியில்லாமல் வளரும் கட்டியையோ, ஒரு கண் மட்டும் முன்தள்ளுவதையோ அடிபட்ட வீக்கம் என்று கருதிக் காத்திருக்கக் கூடாது. திசு எடுத்தால் நோய் பரவிவிடும் என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. ஆனால் அந்தத் திசு இல்லாமல் சிகிச்சையைத் தீர்மானிக்க வழியில்லை. புற்றுநோய் அறுவை மருத்துவர் திட்டமிட்டு அதை எடுப்பதும், மரபணு இணைவுப் பரிசோதனைக்குப் போதுமான அளவு ஒதுக்கி வைப்பதும் அவசியம். இணைவு உள்ளதா இல்லையா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையின் தீவிரம் மாறும்.